வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: விசர் பிடித்த விஞ்ஞானிகள்

1930களிலும் 1940களிலும் ஹொலிவூட்டில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட, பித்துப் பிடித்த விஞ்ஞானிகளைப் பற்றிய திகிற்படங்கள் குறித்துச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பொன்றை எழுதியிருந்தேன். அதையொட்டிப் பல கடிதங்கள் வந்தமையால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கொக்குவில் வாசகர்: இந்தப் படங்களில் வரும் விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். விசர், வெள்ளை மேலங்கி, கொலை, இவ்வளவுதான். இதைப்பற்றி எழுத என்ன இருக்கிறது?

அச்சு ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மனிதருக்கு விசர் எப்போது பிடிக்கிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். 1939இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘தி மேன் தே குட் நொட் ஹாங்’ படத்தில் போரிஸ் கார்லோவ் ஏற்ற வைத்தியர், இதயத்தை நிறுத்தி வைத்துச் சத்திரசிகிச்சை செய்வதற்கென ஓர் இயந்திர இதயத்தை உருவாக்குகிறார். அவருடைய மாணவன் ஒருவன் தானாக முன்வந்து தன் உடலைச் சோதனைக்குக் கொடுக்கிறான். அவனை மணக்கவிருந்த தாதி அஞ்சிப் பொலிசாரிடம் ஓடுகிறாள். வந்த பொலிசார், இப்போது விட்டால் இவனை எழுப்பிவிடுவேன் என்று மன்றாடுகிற வைத்தியரைத் தடுத்து நிறுத்த, தற்காலிகமாக நின்றிருந்த உயிர் உண்மையாகவே போய்விடுகிறது. வைத்தியர் தூக்கிலிடப்படுகிறார். அவருடைய உதவியாளர் அதே இயந்திரத்தைக் கொண்டு அவரை மீட்டெடுத்த பின்னர்தான், தீர்ப்பளித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று கொல்பவராக அவர் மாறுகிறார். தூக்குமேடைக்குப் போனவர் சாந்தமான ஒரு மனிதர். திரும்பி வந்தவர் வேறொருவர். அந்த மாற்றத்தைக் காட்டுவதற்கு கார்லோவுக்குப் பெரிய ஒப்பனை எதுவும் தேவைப்படவில்லை. குரலை உயர்த்தாமல், கண்ணில் இருந்த கனிவை மட்டும் எடுத்துவிடுகிறார்.

அடுத்த ஆண்டு மொனோகிராம் நிறுவனத்துக்காக அவர் நடித்த ‘தி ஏப்’ படத்தையும் பாருங்கள். இளம்பிள்ளைவாதத்தால் நடக்க முடியாதிருக்கும் ஓர் இளம்பெண்ணைக் குணப்படுத்த, ஒரு சிற்றூர் வைத்தியருக்கு மனிதரின் முள்ளந்தண்டுத் திரவம் தேவைப்படுகிறது. சர்க்கஸிலிருந்து தப்பி வந்த கொரில்லாவைக் கொன்று, அதன் தோலைப் போர்த்துக்கொண்டு அவர் கொலை செய்யக் கிளம்புகிறார். கதையைச் சொல்லும்போது சிரிப்பு வரக்கூடும். ஆனால் அந்நோய்க்குத் தடுப்பூசி 1955இல்தான் வந்தது என்பதையும், படம் வெளிவந்த 1940இல் அமெரிக்காவின் ஜனாதிபதியே அந்நோயால் கால்கள் செயலிழந்தவராக அறியப்பட்டிருந்தார் என்பதையும் நினைத்துக்கொண்டால், கொட்டகையில் இருந்த பெற்றோர் அந்தப் பெண் எழுந்து நடக்கும் காட்சியை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது விளங்கும். எழுத இவ்வளவு இருக்கிறது.

சாவகச்சேரி மாணவி: அவ்வளவு பெரிய ஹொலிவூட்டில் ஏன் இவ்வளவு மலிவாகப் படம் எடுத்தார்கள்?

ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்களைக் காட்டும் வழக்கம் 1930களில் அங்கே பரவியது. முதற்படத்துக்கு வசூலில் ஒரு பங்கு கிடைக்கும். இரண்டாவது படத்துக்கோ முன்கூட்டியே பேசிய ஒரு நிலையான வாடகை மட்டுமே. படம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஒரு சதமும் கூடப்போவதில்லை என்று தெரிந்த பின்னர், செலவைக் குறைப்பது ஒன்றே இலாபத்துக்கு வழி. மொனோகிராம், பி.ஆர்.சி. போன்ற சிறு நிறுவனங்கள் இந்த இரண்டாவது இடத்தை நம்பியே வாழ்ந்தன. அவற்றை ஹொலிவூட்டில் ‘வறுமை வரிசை’ என்றே அழைத்தார்கள். ஒரு படத்தின் படப்பிடிப்பு ஒரு வாரத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கூடிய காலத்தில் முடிந்துவிடும். 1933இல் மஜெஸ்ரிக் நிறுவனம் ‘தி வம்பயர் பேட்’ படத்தை எடுத்தபோது, யூனிவர்சல் நிறுவனம் தன் பெரிய திகிற்படங்களுக்காக எழுப்பிய அரங்குகளை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தியது.

ஆய்வுகூடங்கள் ஒன்றுபோல் இருப்பதற்கும் ஒரு தொடக்கம் உண்டு. 1931இல் வந்த ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ படத்துக்காக கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் என்ற மின்னியல் கைவினைஞர் பொறி பறக்கும் கருவிகளைச் செய்துகொடுத்தார். விஞ்ஞானியின் அறை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று பார்வையாளர் மனதில் பதிந்துவிட்டது. பணமில்லாதவர்கள் கொதிக்கும் நாலைந்து கண்ணாடிக் குழாய்களையும் மின்பொறி தெறிக்கும் ஒரு கருவியையும் வைத்து அதே அறையை நினைவூட்டினார்கள். மறுபடி எடுக்க நேரமில்லாததால் கமெரா ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்கும். அந்த நேரம் முழுவதையும் நடிகரே தாங்கவேண்டியிருந்தது. இப்படங்களில் நல்ல நடிகர் ஒருவர் அகப்பட்டால் அவரை இவ்வளவு நெருங்கிப் பார்க்க முடிவது அதனால்தான் என்பது என் கருத்து.

திருநெல்வேலி, மருத்துவபீட மாணவர்: அந்த விஞ்ஞானத்தில் ஏதாவது உண்மை உண்டா?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம் உண்டு. 1934இல் கலிபோர்னியாவில் ரொபர்ட் கோர்னிஷ் என்பவர் உயிரடங்கச் செய்த நாய்களை மீண்டும் எழுப்ப முயன்றது பத்திரிகைகளில் பெரும் பரபரப்பாயிற்று. 1935இல் சத்திரசிகிச்சை நிபுணர் அலெக்ஸிஸ் கரலும் விமானி சார்ல்ஸ் லின்ட்பேர்க்கும் உறுப்புகளை உடலுக்கு வெளியே உயிர்ப்புடன் வைத்திருக்கும் பம்பு ஒன்றை வெளியிட்டார்கள். 1938இல் பிலடெல்பியாவில் டெம்பிள் ஃபே என்ற நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் புற்றுநோயாளரின் உடலைக் குளிரூட்டிச் சிகிச்சையளித்தார். உறைநிலைச் சிகிச்சையைக் கதையாகக் கொண்ட கார்லோவின் ‘தி மேன் வித் நைன் லைவ்ஸ்’ 1940இல் வந்தது. கதாசிரியர்கள் அந்தந்த ஆண்டுப் பத்திரிகைகளிலிருந்து ஒரு அடி மட்டுமே முன்னே சென்றார்கள்.

இன்னும் ஒன்று. 1953 மே மாதத்தில் ஜோன் கிப்பன் என்ற வைத்தியர், 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தினதும் நுரையீரல்களினதும் வேலையை ஏறத்தாழ 26 நிமிடங்கள் முழுமையாக இயந்திரத்திடம் ஒப்படைத்து, இதயத்தின் ஓட்டையைத் தைத்து அவரைக் காப்பாற்றினார். 1939இல் கார்லோவின் வைத்தியர் நீதிமன்றத்தில் நின்று கேட்டதும் ஏறக்குறைய அதுதான். 14 ஆண்டுகளில் அது நடந்துவிட்டது.

பருத்தித்துறை வாசகர்: போரிஸ் கார்லோவ் ரஷ்யரா?

இல்லை. 1887இல் இலண்டனில் பிறந்த அவருடைய இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். அவருடைய தந்தை இந்தியாவில் உப்பு வரித் திணைக்களத்தில் பணிபுரிந்தவர். இவ்வகைப் படங்களில் நடித்த இன்னொரு நடிகரான பெலா லுகோசிதான் கிழக்கு ஐரோப்பியர். இன்று ருமேனியாவில் உள்ள லுகோஜ் நகரில் 1882இல் பிறந்தவர்.

மானிப்பாய், ஓய்வுபெற்ற தாதி: நோயால் உருமாறிய முகங்களைப் பேயாகக் காட்டுவது எனக்கு வேதனை தருகிறது. உங்களுக்கு இல்லையா?

இருக்கிறது, அம்மா. இதைச் சென்ற இதழிலேயே நான் எழுதியிருக்கவேண்டும். 1944இல் பி.ஆர்.சி. வெளியிட்ட ‘தி மொன்ஸ்டர் மேக்கர்’ படத்தில் ஒரு வைத்தியர், பியானோக் கலைஞர் ஒருவருக்கு ஊசி மூலம் அக்ரோமெகலி நோயை ஏற்றுகிறார். வளர்ச்சிச் சுரப்பு மிகுந்து முகமும் கைகளும் தடித்துப்போகும் அந்நோயைப் படம் வெறும் அச்சமூட்டும் காட்சியாகவே கையாளுகிறது. அதைவிடக் கொடியது, ரொண்டோ ஹற்றன் என்ற மனிதரை நடத்திய விதம். அவருக்கு அந்நோய் உண்மையாகவே இருந்தது. யூனிவர்சல் நிறுவனம் ஒப்பனை தேவையில்லாத கோரமுகம் என்று அதையே விற்பனைப் பொருளாக்கியது. 1946இன் தொடக்கத்தில் அவர் இறந்தார். அவர் நடித்த ‘தி புரூட் மேன்’ படம் பி.ஆர்.சி.க்குக் கைமாறி, அவர் இறந்த பின்னர் அதே ஆண்டில் திரைக்கு வந்தது. மலிவுப்படங்கள் மீது எனக்கு எவ்வளவு பற்று இருந்தாலும் இதற்காக வாதாட என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

நல்லூர் வாசகர்: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

மேலே சொன்ன 1939ஆம் ஆண்டுப் படத்தை முதலில் பாருங்கள். அதற்குப் பிறகு, 1940இல் பி.ஆர்.சி. வெளியிட்ட ‘தி டெவில் பேட்’. அமெரிக்காவில் அதற்கு இப்போது பதிப்புரிமை இல்லாததால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. லுகோசி இதில் ஓர் அழகுசாதன நிறுவனத்தின் இரசாயனவியலாளர். தன் கண்டுபிடிப்பை ஒரு தொகைக்கு விற்றுவிட்டு, அதனால் முதலாளிகள் செல்வந்தராவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மின்சாரத்தால் பெருப்பித்த வௌவால்களை வளர்க்கிறார். அவற்றை ஈர்க்கும் வாசனையுள்ள சவரத் தைலம் ஒன்றை முதலாளி வீட்டாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, கழுத்தின் மென்மையான பகுதியில் தடவிப் பார்க்கச் சொல்கிறார். வௌவால் கம்பியில் தொங்குவது அப்பட்டமாகத் தெரியும். அதைப் பொருட்படுத்தவேண்டாம்.

தைலத்தைத் தடவிக்கொண்டவர் விடைபெறும்போது இரவு வணக்கம் சொல்கிறார். லுகோசி பதிலுக்கு இரவு வணக்கம் சொல்லாமல், ‘குட்பை’ என்று மெல்லச் சொல்கிறார். வாசலைத் தாண்டும் பிள்ளை ‘போறன்’ என்று சொன்னால் ‘போட்டு வாறன் எண்டு சொல்லு’ என்று திருத்துகிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு சில்லிட்டது.