கோவளத்தில் மூழ்கிய கையோடு பொன்முடி ஏறலாமா?

ஸ்கூபா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் சிப்பி எடுக்கிறோம். ஐந்து பாகம் (சுமார் 9 மீட்டர்) வரை மூச்சடக்கிப் போய்ப் பாறையில் சுரண்டி எடுத்து வருவேன். கேரளத்துக் கோவளத்தில் சிலிண்டர் கட்டி மூழ்கும் ஸ்கூபா பயிற்சியில் சேரலாம் என்றிருக்கிறேன். கடல் பழகிய எனக்கு இது எளிதுதானே? ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?
— வாசகர், கொல்லங்கோடு

பதில்: தண்ணீர்ப் பயம் இல்லை, நீரோட்டம் தெரியும், காதடைப்பை எடுக்கத் தெரியும். மூன்றுமே உங்களுக்குப் பெரிய கைமுதல். ஆனால் உங்கள் உடம்பில் ஊறிய ஒரு பழக்கம் சிலிண்டர் கட்டியதும் உயிருக்கு உலை வைத்துவிடும். அது மூச்சைப் பிடிப்பது.

கடல் மட்டத்தில் நம்மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீட்டர் இறங்கினால் இரண்டு, இருபது மீட்டரில் மூன்று. மேலே நெஞ்சு நிறைய 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு நீங்கள் இறங்கினால், பத்து மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும். ஏறி வரும்போது பழைய 6 லிட்டருக்கே திரும்பும், நுரையீரலுக்குச் சேதமில்லை. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவியான ரெகுலேட்டர் அப்படியல்ல. எந்த ஆழத்தில் இருக்கிறீர்களோ அந்த ஆழத்து அழுத்தத்திலேயே காற்றைத் தரும். பத்து மீட்டரில் அதிலிருந்து 6 லிட்டர் இழுத்து, மூச்சைப் பிடித்தபடி ஏறினால், மேலே வருவதற்குள் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நெஞ்சில் அவ்வளவு இடம் இல்லை. நுரையீரல் கிழிந்து காற்று ரத்தத்தில் கலக்கும். மூளைக்குப் போனால், மேலே வந்த சில நிமிடங்களில் நினைவு தப்பும். நெஞ்சு நிறைந்த நிலையில் ஒன்றேகால் மீட்டர் ஏறினாலே இது நடக்கக்கூடும். அதனால் நீச்சல் குளத்திலும் இதே விதிதான்.

ஆகவே முதல் நாளிலிருந்தே மூச்சு நிற்காமல், மெதுவாக, ஆழமாக உள்ளே வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவிவிட்டால், அதைத் தேடிப் பிடிக்கும் வரை ‘ஆ’ என்று மெல்ல ஒலியெழுப்பிக்கொண்டே இருங்கள். சிறு குமிழிகள் வெளியேறியபடி இருக்கும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று, பிறகு மேலே வாருங்கள். காற்றை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நிறுத்துவதும் வேண்டாம். கரியமில வாயு சேர்ந்து தலைவலிதான் மிஞ்சும், காற்றும் மிஞ்சாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூச்சடக்கிக் கீழே போன ஒருவர், அங்கே சிலிண்டரோடு இருக்கும் நண்பரிடம் ஒரே ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் மூச்சைப் பிடித்து மேலே வருவது விளையாட்டல்ல. மேலே சொன்ன விபத்து அப்படியே நடக்கும். ஸ்கூபா முடித்த அன்று சிப்பிக்கும் இறங்காதீர்கள். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனுக்கு, திரும்பத் திரும்ப வேகமாக ஏறி இறங்குவது ஆகாது.

சிப்பிக்குப் போகும் நாட்களுக்கும் ஒரு வார்த்தை. இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்து விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கரியமில வாயு சேர்வதுதான். வேகமாக மூச்சு விட்டு அதை வெளியேற்றிவிட்டால் ‘ஏறு’ என்று சொல்லும் மணி அடிக்காது. ஏறி வரும் கடைசிச் சில மீட்டரில் அழுத்தம் குறைய, ரத்தத்தில் ஆக்சிஜனும் சட்டென்று குறைந்து, சத்தமில்லாமல் மயக்கம் வரும். எத்தனை வருடம் கடல் பழகியவரையும் இது விடாது. இருவராகப் போங்கள், ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலேயே இருந்து பார்க்கட்டும். கீழே இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு மேலே ஓய்வெடுங்கள்.

சிலிண்டர் கணக்கு இதோ. வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 11 லிட்டர். 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் கையில் நிற்பது 1,650 லிட்டர். பதற்றமில்லாத ஒருவர் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டரில் அது 40 லிட்டர், இருபதில் 60. அப்படியானால் பத்து மீட்டரில் சுமார் 41 நிமிடம், இருபது மீட்டரில் 27 நிமிடம். புதியவர்கள் பதற்றத்தில் இதைவிட வேகமாகத் தீர்த்துவிடுவார்கள்.

ஓப்பன் வாட்டர் எனும் தொடக்கநிலைப் பயிற்சியில் 200 மீட்டர் நீச்சலும், பத்து நிமிடம் மிதப்பதும், கடலில் நான்கு முறை மூழ்குவதும் உண்டு. முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம். நீச்சலும் மிதப்பும் உங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. மூச்சு விடுவதைத்தான் புதிதாகப் பழக வேண்டும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்தோடு போகிறோம். காலையில் கோவளத்தில் ஸ்கூபா, சாயங்காலம் பொன்முடி மலை, மறுநாள் காலை திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு விமானம். திட்டம் சரிதானா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஸ்கூபாவை வைத்துக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றுங்கள். முதல் நாள் பொன்முடி, இரண்டாம் நாள் காலை கோவளம், மூன்றாம் நாள் காலை விமானம்.

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்தபின் அது மெதுவாக, மணிக்கணக்கில் வெளியேறும். அதற்குள் சுற்றியுள்ள காற்றழுத்தம் இன்னும் குறைந்தால், கோலி சோடாவின் குண்டைத் தட்டியதுபோல் உள்ளே குமிழி கிளம்பும். விமானம் மட்டும்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம், அதிகபட்சமாக 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பதற்குச் சமம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100. காரில் ஏறினாலும் கணக்கு ஒன்றுதான். பொன்முடி 1,100 மீட்டர்தானே என்றால், கோவளத்திலிருந்து சில மணி நேரத்தில், 22 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே போய்விடுகிறீர்கள். உடம்புக்கு அந்த அவகாசம் போதாது.

ஒரே ஒரு முறை மூழ்கினால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் இரண்டு முறையோ, அடுத்தடுத்த நாட்களிலோ மூழ்கினால் 18 மணி நேரம். மலைப் பயணத்துக்கும் இதையே கடைப்பிடியுங்கள். எங்கள் பரிந்துரை, யாராக இருந்தாலும் ஒரு முழு நாள். வீடு திரும்புவதில் கவலையில்லை. ஆரல்வாய்மொழியும் ஆரியங்காவும் பாலக்காட்டுக் கணவாயும் தாழ்வானவை. மூணாறு, வால்பாறை வழியாகச் சுற்றிப் போவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

மூழ்கிய ஒரு நாளுக்குள் தோள், முழங்கை, முழங்கால் மூட்டில் குடைச்சல், கை கால் மரமரப்பு, தலைச்சுற்றல், காரணமில்லாத பெரும் களைப்பு, தோலில் திட்டுத் திட்டான நிறமாற்றம் ஏதாவது வந்தால் அதை வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வையுங்கள். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன், நிமிடத்துக்கு 15 லிட்டர். நினைவு தெளிவாக இருந்தால் சிறிது சிறிதாகத் தண்ணீர். 108-ஐ அழைத்து, மருத்துவமனையில் முதல் வாக்கியமாகவே ‘இன்ன நேரத்தில், இத்தனை மீட்டர், இத்தனை நிமிடம் ஸ்கூபா மூழ்கினார்’ என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் தசைவலி என்றே பார்த்து அனுப்பிவிட வாய்ப்புண்டு. இதற்கான வைத்தியம், உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் தரும் அழுத்த அறையில்தான். வலி குறைந்துவிட்டது என்று பாதியில் திரும்ப வேண்டாம். மறுபடி கடலில் இறக்கிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது.

கேள்வி: பணம் கட்டிவிட்டேன், இப்போது சளி பிடித்திருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா?
— வாசகர், களியக்காவிளை

பதில்: வேண்டாம். தேதியை மாற்றிக் கேளுங்கள். மூக்குக்கும் நடுக்காதுக்கும் இடையே உள்ள குழாய் சளியில் அடைத்திருந்தால் காதுக்குள் அழுத்தம் சமமாகாது. மாத்திரையின் வேகம் கடலடியில் தீர்ந்துபோனால் இன்னும் மோசம். உள்ளே போன காற்று வெளியேற வழியில்லாமல், ஏறும்போது செவிப்பறையை உள்ளிருந்து தள்ளும். இறங்கும்போது வலித்தால் ஏறித் தப்பலாம். ஏறும்போது வலித்தால் காற்று தீர்வதற்குள் ஏறித்தான் ஆக வேண்டும்.

சளி இல்லாதவர்களும் கவனிக்க வேண்டியது: காது அதிகம் படுவது முதல் சில மீட்டரில்தான். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவதைத் தண்ணீரின் மேலேயே ஆரம்பித்து, அரை மீட்டருக்கு ஒரு முறை செய்யுங்கள். கால் கீழாக இறங்கினால் காது சுலபமாகத் திறக்கும். வலி வந்த பிறகு ஊதினால் திறக்காது. ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயலுங்கள். முக்கி ஊதாதீர்கள். முந்தின இரவு காதில் தேங்காய் எண்ணெய் விடுவதால் பயன் ஒன்றும் இல்லை.

கேள்வி: எந்த மாதம் நல்லது? எந்த ஆள் நல்லவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு நீச்சல் தெரியாது.
— வாசகர், செங்கோட்டை

பதில்: நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும். கோடையில் இன்னொன்று இருக்கிறது: கள்ளக்கடல். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போது, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை இங்கே கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போன நாளில் எச்சரிக்கை நடப்பில்தான் இருந்தது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. புறப்படும் முன் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை.

நீச்சல் தெரியாதவர்கள் அறிமுக மூழ்கல் செய்யலாம். எல்லை 12 மீட்டர். அதற்கு 5, 6 மீட்டரே தாராளம். பயிற்சியாளர் ஒருவருக்கு நீங்கள் ஒருவர் மட்டும் என்று கேளுங்கள். கலங்கிய தண்ணீரில் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். வீடியோ எடுப்பதும் அவரே என்றால் அவர் கண் உங்கள்மேல் இருக்காது. கேமராவுக்கு வேறு ஆள் வரட்டும், இல்லையென்றால் வீடியோவே வேண்டாம்.

படகில் ஏறும் முன் ஐந்து நிமிடம் எடுத்துச் சாமான்களைப் பாருங்கள். சிலிண்டர் வால்வைத் திறக்கும்போது பிரஷர் கேஜின் கண்ணாடி முகத்துக்கு நேராக இருக்கக் கூடாது. திறந்ததும் முள் 200 பார் அருகில் நிற்க வேண்டும். கேஜைப் பார்த்தபடியே நான்கைந்து மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே நன்றாக வரும் காற்று ஆழத்தில் திணறும். வால்வருகே ‘உஸ்’ என்ற சத்தம் வந்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள். மஞ்சள் நிற உபரி ரெகுலேட்டரிலும் மூச்சிழுத்துப் பாருங்கள். மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்றேற்றும் பொத்தான், இறக்கும் பொத்தான் இரண்டையும் நீங்களே அழுத்திப் பாருங்கள். எடைப் பட்டையை ஒரே கையால் கழற்ற முடிய வேண்டும்.

காற்றுக்கு மணமோ ருசியோ இருக்கக் கூடாது. எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அந்தச் சிலிண்டரைத் தொடாதீர்கள். நிரப்பும் கம்ப்ரசர் காற்றை இழுக்கும் இடத்தில் டீசல் புகை பட்டால் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகும். அதற்குத் தனியாக வாடை கிடையாது, ஆழத்தில் அதன் விஷம் கூடும். தலைவலி, குமட்டல் வந்தால் உடனே சைகை காட்டி ஏறுங்கள். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே, அழுத்த அறை எந்த ஊரில் என்று கேளுங்கள். இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் போங்கள்.

கேள்வி: கொச்சிக்கு அப்பால் மூழ்கிய கப்பலை ஸ்கூபாவில் போய்ப் பார்க்க முடியுமா?
— வாசகர், பாறசாலை

பதில்: முடியாது. எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற அந்தக் கப்பல் 2025 மே 25 அன்று, கொச்சியிலிருந்து 38 கடல் மைல் தொலைவில் மூழ்கியது. அங்கே ஆழம் சுமார் 50 மீட்டர். பொழுதுபோக்கு மூழ்கலின் எல்லை 40. சரக்கில் தண்ணீர் பட்டால் எரிவாயு கிளப்பும் கால்சியம் கார்பைடும் இருந்தது. நம் பக்கத்துக் கடலில் நீங்கள் சந்திக்க அதிக வாய்ப்புள்ளது பாறையில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைதான். மாட்டிக்கொண்டால் திரும்பாதீர்கள், திரும்பினால் சுற்றிக்கொள்ளும். அசையாமல் நின்று, மெல்லப் பின்னால் வந்து, கூட இருப்பவரை அறுக்கச் சொல்லுங்கள். வலை அறுக்கும் சிறு கத்தியை எட்டும் இடத்தில் கட்டியிருங்கள்.

கேள்வி: மகனுக்கு 8 வயது. அம்மாவுக்கு 52, சர்க்கரைக்கு ஊசி போடுகிறார். இருவரையும் கூட்டிப் போகலாமா?
— வாசகி, குழித்துறை

பதில்: கடலில் மூழ்க 10 வயது ஆக வேண்டும். எட்டு வயதுக்கு நீச்சல் குளத்தில் 2 மீட்டர் ஆழத்துக்குள் பழக்கும் வகுப்பு உண்டு. அம்மாவிடம் மருத்துவப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். ‘ஆம்’ என்று எழுதினால் மறுத்துவிட்டார்கள் என்று பொருளில்லை, மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்றே பொருள். ஊசி போடுபவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினால், மேலே ஒரு மிட்டாயில் சரியாவது கீழே மயக்கமாகிவிடும். கையெழுத்து கிடைக்கும் வரை அவர் படகில் இருக்கட்டும். காதில் ஆபரேஷன் ஆனவர்கள், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். கர்ப்பிணிகள் மூழ்கவே கூடாது.