டீசல் காரின் புகை வடிகட்டியைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: என் டீசல் காரில் டிபிஎஃப் (புகை வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது. புதிது போட்டால் செலவு அதிகம், வடிகட்டியை எடுத்துவிட்டு இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவின் சாஃப்ட்வேரையும் மாற்றிவிடலாம், மைலேஜும் கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மைலேஜ் கூடினாலும் சொற்பம்தான். அந்த விளக்கு எரிந்தால் பெரும்பாலும் வடிகட்டி கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. நீங்கள் ஓட்டும் விதமோ இன்ஜினில் உள்ள வேறு பழுதோ காரணமாக இருக்கும்.

வடிகட்டியில் சேரும் கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி அணைத்துவிடும் வண்டியில் அந்தச் சூடு ஏறாது. கரியை எரிக்கவென்று கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசலில் ஒரு பகுதி ஆயிலில் போய்க் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து, முகர்ந்தால் டீசல் வாடை வந்தால் இதுதான் சங்கதி. ஆயிலை மாற்றுங்கள், டிபிஎஃப் வண்டிக்கென்று வரும் சாம்பல் குறைந்த ரகமாக. பிறகு நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். கரி எரியும்போது ஐடிலில் ஆர்பிஎம் சற்று ஏறும், ஃபேன் ஓடும். அப்போது வண்டியை அணைக்காதீர்கள். அப்படியும் விளக்கு வந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வு, டர்போ மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நெடுநாள் ஓடிச் சாம்பல் அடைத்திருந்தால் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டலாம்.

ஐரோப்பாவின் யூரோ 5 விதி 2009இல் டீசல் கார்களின் துகள் வரம்பைக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 5 ஆக இறக்கியது. அதனால்தான் இந்த வடிகட்டி டீசல் கார்களில் பரவலானது. கழற்றுவது பல நாடுகளில் குற்றம். பழைய புகைச் சோதனை புகையின் கருமையை மட்டும் பார்த்ததால் கழற்றிய வண்டிகளும் தேறிவிட்டன. பெல்ஜியம் 2022இலும் ஜெர்மனி 2023இலும் துகள்களை எண்ணத் தொடங்கிவிட்டன. ஜெர்மனியில் கன சென்டிமீட்டருக்கு 2,50,000 துகளைத் தாண்டினால் வண்டி தேறாது.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. இன்ஜின் ஆறியபின் சைலன்சர் வாயின் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். வடிகட்டி வேலை செய்தால் விரலில் அநேகமாக ஒன்றும் ஒட்டாது. கழற்றிய வண்டியில் மை அப்பும். பின்னால் சைக்கிளில் வரும் குழந்தை சுவாசிப்பது அந்த மையைத்தான். பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்களும் இப்படித் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.