ஓமானில் மணலும் கடலும் ஒரே பயணத்தில்: கேள்வி பதில்

ஓமானில் பாலைவனத்தையும் கடலோர ஊர்களையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் கேட்டவை இவை. அங்கே பலமுறை வண்டி ஓட்டிச் சுற்றிய அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எந்த மாதம் நல்லது? எங்களுக்கு ஆகஸ்டில்தான் லீவு.

மஸ்கட், கடலோர ஊரான சூர், வஹீபா பாலைவன மணல்மேடுகள் எல்லாம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் சுகம். ஆகஸ்ட் பகலில் மணலில் வெறுங்காலை வைத்தால் கொப்பளித்துவிடும். ஆனால் வருத்தப்படாதீர்கள், தெற்கே இருக்கும் சலாலாவுக்குப் போங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கத்துத் தோஃபார் மலைகளில் வந்து முட்டி, தூறலும் பனிமூட்டமுமாக மலை முழுக்கப் பச்சையாகிவிடும். இந்தப் பருவத்தைக் கரீஃப் என்பார்கள். அந்த மலையைத் தாண்டிவிட்டால் மறுபடி வறட்சிதான், சலாலாவுக்கு வடக்கே சுமார் 40 கி.மீ. தள்ளி வாதி தவ்காவில் (வாதி என்றால் மழை பெய்தால் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கு) குந்திரிக்க மரங்கள் நிற்பதும் அந்த மழை எட்டாத பக்கத்தில்தான். பச்சையையும் பாலையையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்கலாம், தவறவிடாதீர்கள்.

கேள்வி: மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குக் காரிலேயே போய்விடலாமா?

போகலாம், சுமார் 1,000 கி.மீ. ஹைமா வழியாகப் போகும் உள்நாட்டுச் சாலை கிட்டத்தட்ட நேர்கோடு, மணிக்கணக்காக எதுவும் மாறாது, அதனாலேயே கண் சொருகும். ஒருவர் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் நடுவில் ஒரு இரவு தங்குங்கள். பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம், ஒட்டகம் சாலையில் நிற்கும், கார் அதன் கால்களில் மோதினால் உடம்பு முன்கண்ணாடி மேல்தான் விழும். நாள் இருந்தால் துக்ம் வழியாகக் கடலோரமாகப் போங்கள். ஹாசிக் பக்கம் மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் இடங்கள் உண்டு, என் மனதில் ஓமானின் மிக அழகான சாலை அதுதான்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த சாதாரண காரில் மணலுக்குள் போகலாமா சார்?

வேண்டாம். வஹீபா மணலின் ஓரத்தில் இருக்கும் பிதியா ஊர் வரைக்கும் தார்ச்சாலை, அங்கிருந்து நீங்கள் தங்கப்போகும் முகாம்காரர்களே வந்து கூட்டிப்போவார்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருந்தாலும், டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும், டயர் தட்டையாகி அகலமாகப் பதிந்தால்தான் மணல் தாங்கும். மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை அழுத்தாதீர்கள். முதல் தடவை நான் அழுத்தினேன், அச்சு வரை புதைந்துவிட்டது. அந்த வழியாக வந்த ஒரு பெதுவின் (பாலைவன நாடோடி இனத்தவர்) பெரியவர் இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் தள்ளி, பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துக் கொடுத்தார். தனி வண்டியாகப் போகாதீர்கள், உள்ளே போன் சிக்னலை நம்ப முடியாது.

கேள்வி: குழந்தைகளோடு வாதி ஷாப் போகலாமா?

நீந்தத் தெரிந்த பிள்ளைகள் என்றால் சரி. சிறு படகில் மறுகரைக்குப் போய், பாறைகள் மேல் முக்கால் மணி நேரம் போல நடக்க வேண்டும், கடைசிக் குகை அருவிக்கு நீந்தித்தான் போக முடியும். மழை அறிவிப்பு இருந்தால் எந்த வாதிக்கும் போகாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், எங்கோ மலையில் பெய்த தண்ணீர் திடீரென்று இறங்கும். ஓடும் வாதியை வண்டியில் கடப்பது அங்கே தண்டனைக்குரிய குற்றமும்கூட.

கேள்வி: மஸ்கட் பெரிய பள்ளிவாசலுக்குள் எல்லோரும் போகலாமா?

போகலாம், ஆனால் மற்ற மதத்தவருக்குக் காலை நேரம் மட்டும், வெள்ளிக்கிழமை கிடையாது. முழுக்கை, முழுக்கால் உடை, பெண்களுக்குத் தலையில் துணி.

கேள்வி: சூருக்கு எதற்காகப் போக வேண்டும்?

மரக்கப்பல் கட்டும் பட்டறைக்காக, அப்புறம் பக்கத்தில் ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் முட்டையிட வரும் பச்சை ஆமைகளுக்காக. இரவிலும் விடியலுக்கு முன்பும் வழிகாட்டியோடு கூட்டிப்போவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். டார்ச், பிளாஷ், போன் வெளிச்சம் எதுவும் கூடாது, வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளும் வெளிச்சத்தைப் பார்த்துத் தப்பான பக்கம் ஊர்ந்து போகும். படம் எடுக்க ஆசையென்றால் விடியல் நேரத்துக்கே பதிவு செய்யுங்கள்.