டெனெரிஸால் வந்த சண்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 29. தங்கைக்கு 23, வேறு ஊரில் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள். அப்பா தவறிய பிறகு அவள் படிப்பு, செலவு எல்லாம் நான்தான் பார்த்தேன். பிளஸ் டூ முடித்ததும் ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிறேன் என்றாள். வேலை கிடைக்காது என்று பி.காம். சேர்த்துவிட்டேன். இன்று நல்ல சம்பளம்.

ஏழெட்டு மாதமாக ஞாயிறு இரவு இருவரும் போனில் பேசிக்கொண்டே ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்துவந்தோம். லாஜிக் ஓட்டை கண்ணில் பட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன். அதில் டிராகன்களை வளர்க்கும் இளவரசி டெனெரிஸ் என்றால் அவளுக்கு உயிர். கடைசி சீசனின் ஐந்தாம் எபிசோடில், சரணடைந்த நகரத்தை டெனெரிஸ் டிராகனால் எரித்தபோது அழுதுவிட்டாள். “இது டெனெரிஸே இல்ல, எழுதினவங்க கெடுத்துட்டாங்க” என்றாள். “அவ ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான், நீதான் பார்க்கல” என்று சொன்னதோடு, அன்றிரவே 14 பாயின்ட் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வட எல்லைப் பெருஞ்சுவருக்கு வடக்கே மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவி சட்டென வந்துசேருவது, மேசைமேல் இருந்த காபி கப், எதிரி யூரானின் கப்பல்கள் டிராகனை வீழ்த்துவது, டெனெரிஸ் செய்த கொலைகள் என்று எல்லாம் அதில் இருந்தன.

“நீயும் விசெரிஸ் மாதிரிதான்” என்று டெனெரிஸின் அண்ணனைச் சொல்லி ஒரே வரி பதில் வந்தது. ஆறு வாரமாகப் பேச்சில்லை. வேலைக்குப் போகிறாள், எங்கள் அம்மாவிடம் பேசுகிறாள், என் போனை மட்டும் எடுப்பதில்லை. கடைசி எபிசோடை நான் தனியாகப் பார்த்துவிட்டேன், அவள் பார்க்கவில்லை. ஒரு தொடருக்காக இவ்வளவு கோபமா? குறை எனக்கா, அவளுக்கா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

குறை என்று சொல்லும்படி இருவரிடமும் எதுவும் இல்லை. உங்கள் பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன். அதைத் திருத்தாமல் தங்கையிடம் போனால் மறுபடியும் அதே சண்டைதான் வரும்.

வெவ்வேறு சங்கதிகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். காபி கப் படப்பிடிப்பில் நடந்த கவனப்பிசகு. பிறகு கணினியில் அழித்துவிட்டார்கள். கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுவருக்கு வடக்கே நடந்தது நேரக்கணக்குச் சிக்கல். மாட்டிக்கொண்டவர்களில் ஒருவனான கெண்ட்ரி சுவருக்கு ஓடிப்போய்ச் சொல்லி, அங்கிருந்து தூதுக் காகம் டெனெரிஸ் இருந்த டிராகன்ஸ்டோன் தீவுவரை பறந்து, டெனெரிஸ் அங்கிருந்து பறந்து வரவேண்டும். தலைநகரிலிருந்து வடக்கே வின்டர்ஃபெல் கோட்டைக்கு வரவே ஒரு மாதம் ஆனது என்று முதல் எபிசோடிலேயே அரசி செர்சி சொல்கிறாள். சுவர் அதற்கும் அப்பால். நேரக்கணக்கு மங்கல்தான் என்று இயக்குநர் ஆலன் டெய்லரே ஒப்புக்கொண்டார்.

யூரான் விஷயம்தான் அசல் ஓட்டை. கதை தானே போட்ட விதியைத் தானே மீறினால்தான் அது ஓட்டை. எட்டாம் சீசன் நான்காம் எபிசோடின் ஆலோசனைக் கூட்டத்தில் அந்தக் கப்பற்படையைப் பற்றிப் பேசுகிறார்கள். அதே எபிசோடில் டெனெரிஸ் நேராக அதன்மேலேயே பறந்து போய் ஒரு டிராகனை இழக்கிறாள். அவள் அந்தப் படையை மறந்துவிட்டாள் என்று தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பெனியாஃப் விளக்கம் சொன்னார். அந்த டிராகனைக் கொன்ற ராட்சத அம்புகளில் ஒன்றுகூட அடுத்த எபிசோடில் அவளுடைய இன்னொரு டிராகனான டிரோகன்மேல் படவில்லை. இதை நீங்கள் பிடித்தது சரி.

டெனெரிஸ் செய்த கொலைகள் ஓட்டைக் கணக்கிலேயே வராது; அது பாத்திரத்தைப் பற்றிய வாதம். அதில் உங்கள் சாட்சிகள் பொய்யில்லை. சூனியக்காரி மிர்ரியை உயிரோடு எரித்தாள், மீரீன் நகரில் 163 அடிமை எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தாள், மண்டியிட மறுத்த டார்லி பிரபுவையும் அவர் மகனையும் எரித்தாள். எல்லோரும் அவளுக்கோ அவள் மக்களுக்கோ தீங்கு செய்தவர்கள், இல்லையென்றால் எதிர்த்து நின்றவர்கள். மணி அடித்துச் சரணடைந்த ஊர்ச்சனம் அந்த வரிசையில் வரமாட்டார்கள்.

நான்காம் சீசனின் பத்தாம் எபிசோடை உங்கள் பட்டியல் தொடவே இல்லை என்று நினைக்கிறேன். டிராகன் எரித்த மூன்று வயது மகளின் கரிந்த எலும்பைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு தகப்பன் வந்து நிற்கிறான். பிள்ளைபோல் வளர்த்த இரண்டு டிராகன்களை டெனெரிஸ் நிலவறைக்குக் கூட்டிப்போய், தன் கையாலேயே கழுத்தில் வளையம் பூட்டுகிறாள். பின்னால் அவை கதற, அழுதுகொண்டே வெளியேறுகிறாள். ஒரு குழந்தைக்காக இதைச் செய்தவள் ஒரு நகரத்தையே எரிப்பவளாக மாற வேண்டுமென்றால் அதற்குக் காலம் கொடுத்திருக்க வேண்டும். முதல் ஆறு சீசனுக்கும் தலா 10 எபிசோட். ஏழாவதற்கு 7, எட்டாவதற்கு 6. டிராகன் சாவு, தோழி மிஸ்ஸாந்தேயின் தலை விழுவது, ஆலோசகர் வேரிஸின் துரோகம், காதலன் ஜான் விலகுவது எல்லாம் இரண்டே எபிசோடில் வந்து முடிகின்றன. விதை போட்டிருந்தார்கள் என்பது உங்கள் கட்சி, முளைக்கவிடாமல் பறித்துவிட்டார்கள் என்பது தங்கையின் கட்சி. திரைக்கதையாகப் பார்த்தால் தங்கையின் பக்கமே வலு அதிகம். கடைசி சீசனை மறுபடி எடுக்கக் கேட்ட மனுவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

பாத்திரத்துக்காக அழுவது நோயில்லை. திரையில் தெரிபவரோடு பார்ப்பவருக்கு வளரும் ஒருதலை நெருக்கத்தை ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956-லேயே விவரித்து எழுதினார்கள். தூக்கம், சாப்பாடு, வேலை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் ஒருவரை நேரில் பார்க்கச் சொல்வேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

இனி விசெரிஸ். முதல் எபிசோடில், விற்கப்போகும் தங்கையை நிற்கவைத்து, கூன் போடுகிறாய் என்று குறை சொல்லிக்கொண்டே ஒரு சாமானைப்போல் பார்வையிடுகிறானே, அந்த அண்ணன். தன் கிரீடத்துக்காகத் தங்கையைக் கொடுத்தவன் அவன். நீங்கள் தங்கைக்காக உழைத்தவர். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் “நீதான் பார்க்கல” என்ற சொல்லும், ஃபைன் ஆர்ட்ஸ் வேண்டாம் என்ற முடிவும் அவள் காதில் ஒரே குரலில் விழுந்திருக்கலாம். அன்று எடுத்த முடிவு குடும்பத்துக்குத் தேவையாகவே இருந்திருக்கும். அவளைக் கேட்டு எடுத்தீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. இது என் ஊகம்தான். உண்மை அவளுக்குத்தான் தெரியும், கேளுங்கள்.

ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: “நீ அழுதப்போ பாயின்ட் எழுதி அனுப்பினது தப்பு. டெனெரிஸ் விஷயத்துல நீ சொன்னதுல நியாயம் இருக்கு. என்னை விசெரிஸ்னு நீ ஏன் சொன்னேன்னு கேட்கணும், உனக்குத் தோணும்போது சொல்லு.” இதில் ‘ஆனா’ என்ற சொல் வரவே கூடாது. வந்தால் மன்னிப்பு பதினைந்தாவது பாயின்ட் ஆகிவிடும். அம்மாவைத் தூது விடாதீர்கள். பத்து நாள் பொறுங்கள். பதில் வராவிட்டால் ஒருமுறை போன் செய்யுங்கள், அதற்குமேல் வேண்டாம். அவள் பேசும்போது படிப்பு விஷயம் வந்தால், இன்றைய சம்பளத்தைச் சொல்லி வாயடைக்காதீர்கள்.

மறுபடி சேர்ந்து பார்க்கும் நாள் வந்தால், ஓடும்போது நிறுத்தாதீர்கள். தோன்றும் ஓட்டையை நிமிடக் கணக்கோடு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் முதல் பத்து நிமிடம் அவள் பேசட்டும். பிறகு “ஓட்டை பேசலாமா?” என்று கேளுங்கள், இன்று வேண்டாம் என்றால் நோட்டு மூடியே இருக்கட்டும்.

கடைசி எபிசோட் 80 நிமிடம். அதில் டெனெரிஸுக்கு என்ன நேர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், “பார்க்கக் கஷ்டமா இருக்கும், சேர்ந்து பார்க்கலாமா?” என்று மட்டும் கேளுங்கள். எட்டாம் சீசனே வேண்டாம் என்று அவள் சொன்னால், நான்காம் சீசனின் அந்தப் பத்தாம் எபிசோடைப் போடுங்கள். நிலவறைக் கதவு மூடும்வரை ஒன்றும் பேசாதீர்கள்.