டிஷ்யூல அடிச்ச ஸ்டாம்ப் பரவாம கண்ணாடில ஒட்டுறது எப்படி?

கேள்வி: சாதாரண கண்ணாடி கேண்டில் ஹோல்டர் ஆறு வச்சிருக்கேன், விலை ரொம்ப கம்மி. வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல இலை டிசைன் ஸ்டாம்ப் அடிச்சு, வெள்ளை கம்ல தண்ணி கலந்து ஒட்டிப் பாத்தேன். கம் பட்டதுமே கறுப்பு மை நீலமா பரவிடுச்சு, பேப்பர் ரெண்டு இடத்துல கிழிஞ்சுது, மிச்சம் முழுக்க சுருக்கம். உள்ள மெழுகுவத்தி ஏத்தினா பேப்பர் பத்திக்குமோன்னு பயம் வேற. மத்த அஞ்சையாவது உருப்படியா பண்ணணும், எங்க தப்பு பண்ணேன்?

பதில்: அஞ்சு என்ன, ஆறையுமே காப்பாத்தலாம். ஒட்டி வீணானதை வெதுவெதுப்பான தண்ணில அரை மணி நேரம் போட்டு வைங்க, வெள்ளை கம் ஊறி இளகிடும், விரலாலயே உரிச்சு எடுத்துடலாம். அது ஊறட்டும், நாம மைக்கு வருவோம், ஏன்னா உங்க பிரச்சனைல முக்காவாசி அங்கதான்.

நீங்க யூஸ் பண்ணது தண்ணில கரையுற சாய மை. அதுல கறுப்புங்கறது பெரும்பாலும் ஒரே கறுப்பு கிடையாது, ரெண்டு மூணு நிற சாயம் கலந்து கறுப்பா தெரியும், தண்ணி பட்டதும் ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்துல பேப்பர் நாருக்குள்ள ஓடும், அதான் நீலம் தனியா பிரிஞ்சு வந்துச்சு. ஸ்கூல்ல வடிதாள் நுனிய தண்ணில நனைச்சு பேனா மை பிரியறதை பாத்திருப்பீங்களே, அதே வேலைதான் உங்க ஹோல்டர் மேலயும் நடந்திருக்கு.

ஸ்டாம்ப் பேட் வாங்கும்போது "வாட்டர்ப்ரூஃப்" அல்லது "பெர்மனென்ட்"னு போட்டிருக்கான்னு பாருங்க. "ஆர்க்கைவல்"னு மட்டும் போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க, அந்த வார்த்தை நிறம் மங்காம நீண்ட நாள் இருக்கும்ங்கறதுக்கு சொல்றது, தண்ணிக்கு தாங்குமாங்கறது தனி கேள்வி (ரெண்டும் தாங்குற மையும் இருக்கு, அட்டைய முழுசா படிக்கணும் அவ்ளோதான்). கண்ணாடி, பிளாஸ்டிக் மேலயே அடிக்கிறதுக்கு சால்வென்ட் மைன்னு ஒண்ணு வருது, அது சீக்கிரம் காயும், தண்ணிக்கு அசையாது, ஆனா வாடை அடிக்கும், ஜன்னலை திறந்து வச்சுக்கோங்க. பிக்மென்ட் மையும் (தண்ணில கரையாத நிறத் துகள் கலந்தது) ஓகேதான், காய ரொம்ப நேரம் எடுக்கும், பொறுமை இல்லாதவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எது வாங்கினாலும் ஒரு துண்டு டிஷ்யூல அடிச்சு, காய வச்சு, நீங்க ஒட்டப்போற அதே கம்மை பிரஷ்ல தொட்டு அது மேல ரெண்டு தடவை ஓட்டிப் பாருங்க. பிரஷ் நுனில நிறம் ஏறலன்னா பாஸ். இந்த ரெண்டு நிமிஷ டெஸ்டை செய்யாம நான் எந்த மையையும் நம்பறதில்ல, அட்டைல என்ன எழுதியிருந்தாலும் சரி.

பேப்பர் விஷயத்துல, மூக்கு துடைக்கிற டிஷ்யூ வேண்டாம், அது தண்ணி பட்டா கூழாயிடும். கிஃப்ட் உள்ள சுத்தி வைக்கிற மெல்லிசான வெள்ளை டிஷ்யூதான் வேணும். கலர் டிஷ்யூ அழகாத்தான் இருக்கும், ஆனா நிறைய கலர் டிஷ்யூ ஈரம் பட்டா சாயம் விடும், அப்புறம் மறுபடியும் அதே கதை. கிஃப்ட் டிஷ்யூவ வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா பெரும்பாலும் ஒரு பக்கம் லேசா பளபளன்னும் இன்னொரு பக்கம் மங்கலாவும் இருக்கும், அந்த பளபள பக்கத்துல அடிங்க, கோடு ஷார்ப்பா விழும். மடிப்பு இருந்தா நீராவி இல்லாம குறைஞ்ச சூட்டுல அயர்ன் பண்ணிடுங்க. அடியில ஒரு பழைய பேப்பர் கண்டிப்பா வைங்க, மை ஊடுருவி கீழ இறங்கும். ஸ்டாம்பை பேட்ல போட்டு அமுக்காம, ஸ்டாம்பை திருப்பி வச்சு பேடால லேசா தட்டித் தட்டி மை ஏத்துங்க, டிஷ்யூக்கு கொஞ்சம் மையே போதும். அடிச்சதை ராத்திரி முழுக்க காய விட்டுட்டு மறுநாள் ஒட்டுறது பெஸ்ட்.

சரி, இவ்ளோ மெல்லிசான, கை பட்டா கிழியற பேப்பரை ஏன் கட்டிக்கிட்டு அழணும், நல்ல தடிமனான பேப்பர்ல அடிச்சு ஒட்டக்கூடாதான்னு தோணும். இந்த வேலையோட மொத்த அழகும் அங்கதான் இருக்கு. டிஷ்யூ வெள்ளையா தெரியறதே நாருக்கு நடுவுல இருக்கற காத்தாலதான், நாருக்கும் காத்துக்கும் வெளிச்சத்தை வளைக்கிற அளவு ரொம்ப வித்தியாசம், அதனால வெளிச்சம் உள்ள போய் தாறுமாறா சிதறி வெள்ளையா திரும்பி வருது. கம் அந்த காத்து இருந்த இடத்தை நிரப்பிடுது, காஞ்ச கம்மும் நாரும் வெளிச்சத்தை கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளைக்கும், அதனால சிதறல் குறைஞ்சு பேப்பர் பாதி மறைஞ்சுடும், மையில அடிச்ச இலை மட்டும் கண்ணாடி மேலயே வரைஞ்ச மாதிரி நிக்கும். தடிமன் பேப்பர்ல இது நடக்காது, ஸ்டிக்கர் ஒட்டின மாதிரிதான் இருக்கும். காஞ்சப்புறமும் எங்கயாவது வெள்ளைத் திட்டு தெரிஞ்சா அங்க கம் போகல, காத்து மாட்டியிருக்குன்னு அர்த்தம்.

இதனாலதான் ஓரத்தை கத்தரிக்கோலால வெட்டாதீங்கன்னு சொல்றேன். வெட்டின ஓரம் நேர்கோடா கண்ணுக்கு உறுத்தும். ஈரமான மெல்லிசு பிரஷால இலையைச் சுத்தி ஒரு கோடு இழுத்து, அந்த ஈரக்கோட்டுல மெதுவா பிய்ச்சா ஓரம் பஞ்சு மாதிரி வரும், ஒட்டினா எங்க முடியுதுன்னே தெரியாது. (இதுக்கும் மை தண்ணிக்கு தாங்கணும், பாத்தீங்களா.)

கண்ணாடியை சோப்புல கழுவி காய வச்சு, ஸ்பிரிட் தொட்ட துணியால வெளிப்பக்கம் துடைச்சுடுங்க, அதுக்கப்புறம் வெளிப்பக்கம் விரல் படக்கூடாது, உள்ள ரெண்டு விரலை விட்டு விரிச்சு பிடிச்சுக்கிட்டு வேலை பாருங்க. விரல் எண்ணெய் இருக்கற இடத்துலதான் பின்னாடி உரியும்.

கம்ல தண்ணி கலந்தீங்கன்னு சொன்னீங்க, அதுதான் கிழிஞ்சதுக்கு காரணம், சுருக்கத்துக்கும் பாதி காரணம் அதுவே. நனைஞ்ச நார் உப்பி விரியும், தண்ணி அதிகமானா அதிகமா விரியும், அந்த நிலைல பிரஷால தேய்ச்சா கிழியாம என்ன பண்ணும்? தண்ணி கலக்காத கம்மை, இல்ல மாட் பாட்ஜ் மாதிரி டெக்கூபாஜுக்குன்னே (பேப்பரை பொருள் மேல ஒட்டி அலங்கரிக்கிற கைவேலை) வர்ற கம்மை, மெத்துன்னு இருக்கற பட்டை பிரஷால கண்ணாடி மேல மட்டும் மெல்லிசா தடவுங்க, பேப்பர்ல தடவாதீங்க. தடவின இடத்துல டிஷ்யூவை நடுவுல முதல்ல பட வச்சு அப்படியே ரெண்டு பக்கமும் படிய விடுங்க. மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட் வச்சு, அதுக்கு மேல விரலால நடுவுலேந்து ஓரத்துக்கு நீவினா காத்துக் குமிழி வெளிய போயிடும், விரல் நேரா பேப்பர்ல படாததால கிழியாது. அப்புறம் கையை எடுத்துடுங்க. ஒரு குட்டி சுருக்கம் தெரியும், சரி பண்ணலாம்னு கை பரபரக்கும், வேண்டாம், ஈரத்துல தொட்டா சுருக்கம் ஓட்டையாயிடும். முழுசா காஞ்சப்புறம்தான் மேல ஒரு கோட் மெல்லிசா. தடிமனா ஒரே கோட் போட்டா உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு பால் மாதிரி மங்கலாவே நின்னுடும்.

உங்க ஹோல்டர் மேல அகலமா கீழ குறுகலா இருக்கற டைப்பா? அப்படின்னா நீளமான ஒரே பேப்பரை சுத்தி ஒட்டவே முடியாது, அந்த வடிவத்தை விரிச்சா வில் மாதிரி வளைவாத்தான் வரும், நேரான பேப்பர் எங்கயாவது மடிஞ்சே ஆகணும். இலை இலையா தனித்தனியா பிய்ச்சு, ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறுற மாதிரி ஒட்டுங்க.

எழுத்து ஸ்டாம்ப் அடிக்கிறதா இருந்தா மை பக்கம் வெளிய பாக்கணும். மை பக்கத்தை கண்ணாடி மேல வச்சா பிரஷ் மைல படாதுன்னு நினைச்சு நான் ஒரு தடவை அப்படி ஒட்டி, காஞ்சப்புறம் பாத்தா எல்லாமே முகம் பாக்கற கண்ணாடில தெரியற மாதிரி இடவலம் மாறின எழுத்து. இலை, பூவுக்கு அந்த ஐடியா சூப்பர், எழுத்துக்கு ஆகாது.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன், அது நியாயமான பயம்தான். பேப்பர் வெளிப்பக்கம் மட்டும்தான், உள்பக்கம் ஒட்டவே கூடாது, இதுல விட்டுக்கொடுக்கறதுக்கு இடமில்ல. சுடர்லேந்து சூடு மேல ஏறுறதால விளிம்புதான் அதிகமா கொதிக்கும், அதனால மேல 1 செ.மீ.யாவது வெறும் கண்ணாடியா விடுங்க. பேப்பர் கருகறதுக்கு ரொம்ப முன்னாடியே கம் இளகி ஓரம் தூக்க ஆரம்பிக்கும், அது தெரிஞ்சா அதுல மறுபடி மெழுகுவத்தி ஏத்தாதீங்க. உள்ள டீலைட் (சின்ன கிண்ணத்துல வர்ற குட்டை மெழுகுவத்தி) வைங்க, அது கிட்டத்தட்ட 4 செ.மீ. அகலம், சுத்தி நல்லா இடம் விட்டு நடுவுல உக்காரணும், கண்ணாடியை ஒட்டிக்கிட்டு நிக்கக்கூடாது. சுடர் விளிம்புக்கு மேல தெரியற மாதிரி உயரமான மெழுகுவத்தி வேண்டாம், காத்துல சுடர் சாஞ்சா நேரா பேப்பர் மேலதான் போகும். திரியை 6 மி.மீ. அளவுக்கு வெட்டிட்டு ஏத்தினா சுடர் அடக்கமா எரியும். விலை கம்மியான கண்ணாடில சின்ன கீறல், விரிசல், உள்ள குமிழி இருக்கான்னு விளக்கு வெளிச்சத்துல சுத்திப் பாருங்க, இருந்தா அதுக்கு பேட்டரி டீலைட்தான், ஏன்னா ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரியும்போது அந்த விரிசல்லேந்துதான் தெறிக்கும். குழந்தைங்க இருக்கற ரூம்லயும் பேட்டரிதான் வைப்பேன், டிசைன் அதுலயும் அதே அழகு.

காஞ்சுடுச்சுன்னு உடனே ஏத்திடாதீங்க. தொட்டா காஞ்ச மாதிரி இருக்கறது வேற, உள்ள முழுசா இறுகறது வேற, மாட் பாட்ஜ் வகைக்கு அது 4 வாரம். மேல ஸ்ப்ரே வார்னிஷ் அடிச்சிருந்தா வாடை துளி கூட இல்லாம போகணும், அது எளிதா தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

கழுவக்கூடாது, காஞ்ச துணியால துடைக்கிறதோட சரி. உள்ள மெழுகு ஒட்டிக்கிட்டா ஃப்ரீசர்ல வச்சு தட்டி எடுக்கற வழி உண்டு, ஆனா வெளிய எடுத்ததும் கண்ணாடி வேர்க்கும், அந்த ஈரத்துல கம் திரும்ப வெளுத்துடும். அதனாலதான் அலுமினியக் கிண்ணத்தோட வர்ற டீலைட்டாவே வாங்கச் சொல்றேன், தீர்ந்ததும் கிண்ணத்தோட தூக்கிப் போட்டுடலாம்.