ஏப்ரலில் மலையகத்தில் தூண்டில் போடக் கரை நல்லதா, வள்ளம் நல்லதா?

நுவரெலியா வசந்த காலத்துக்குக் குடும்பத்தோடு வருகிறீர்கள், இரண்டு நாள் தூண்டில் போட ஆசை, வள்ளம் பிடிக்காமல் மீன் கிடைக்குமா என்பது கேள்வி. கிடைக்கும். பங்குனி, சித்திரையில் நான் கரையைத்தான் சொல்வேன்.

கிரகரி வாவியை விட்டுவிடுங்கள். விடுமுறைக் கூட்டத்தில் அங்கே தூண்டிலை வீச இடமிருக்காது. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளைக்காரர் விட்ட ட்ரவுட் மீனைச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். அது தேசியப் பூங்கா, தூண்டிலோடு போக வேண்டாம். ஹட்டன் பக்கம் இறங்கினால் காசல்ரீ, மவுசாகலை என்ற இரண்டு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன.

தை முதல் பங்குனித் தொடக்கம் வரை எங்கள் பக்கம் மழை குறைவு. மின்சாரத்துக்கு நீர் போய்க்கொண்டே இருப்பதால் மட்டம் இறங்கிவிடும். நன்றாக வற்றிய வருடங்களில் மவுசாகலையில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோவில்கூட வெளியே தலைகாட்டும். மழைக்காலத்தில் வள்ளத்தில் போய்த் தேட வேண்டிய ஆழம் அப்போது கரையிலிருந்து எறிந்தாலே எட்டும். தண்ணீர் வடிந்த சேற்றில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்ட வட்டக் குழிகள் தெரியும். அவை ஆண் திலாப்பியா வாயால் மண்ணள்ளித் தோண்டிய கூடுகள். அந்தச் சரிவு தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் தக்கை மிதக்கட்டும். பிடித்த மீனின் வாய்க்குள் முட்டையோ குஞ்சோ இருந்தால் அது தாய், விட்டுவிடுங்கள்.

காய்ந்ததுபோல் தெரியும் சேற்றை மட்டும் நம்பாதீர்கள். மேலே வெடித்திருக்கும், கீழே கஞ்சிபோல் இருக்கும். ஒருமுறை முழங்கால் வரை இறங்கி, காலை இழுத்தபோது செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. மாமா வந்து தூக்கிவிடவில்லை. கம்பை நீட்டிவிட்டு, தன் மிதப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வள்ளம் வேண்டுமென்றால் வலை போடுகிறவர்களிடம் கேட்டுப் போகலாம், மிதவை அங்கி இல்லாமல் ஏறாதீர்கள். பழைய மரக்கட்டைகள் எங்கே இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். மட்டம் இறங்கும்போது அவை நீர்ப்பரப்புக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் நிற்கும். தங்கூசி (தூண்டில் நரம்பு) அவற்றில் சிக்கினால் அறுத்துவிடுவதே வழி. அணைக்கட்டுப் பக்கம் எதில் போனாலும் தடை.

நேரம்தான் முக்கியம். விடியற்காலைக் குளிரில் திலாப்பியா சோம்பலாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏற, கடிக்கத் தொடங்கும். இரண்டு மணிக்குள் சுருட்டிவிடுங்கள். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் பிற்பகலில் இடி மழை வழக்கம். கார்பன் தூண்டிலை ஏந்திக்கொண்டு திறந்த கரையில் நிற்பது மின்னலைக் கூப்பிடுவதற்குச் சமம். வள்ளத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், கரை சேரவே நேரம் போதாது.

முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஓடை வந்து கலக்கும் இடத்துக்குப் போங்கள். செந்நீரும் தெளிந்த நீரும் பிரியும் கோட்டுக்குத் தெளிந்த பக்கமாக எறியுங்கள். இரைக்கு மாட்டுப்பட்டி எருவில் எடுத்த மண்புழு போதும். அது கிடைக்காவிட்டால் காலையில் ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் மட்டும் சேர்க்க வேண்டாம், கொக்கியில் நிற்காது.