ஒரே நிறத்தில் இரண்டு கார்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

2016 ஸ்பெயின் கிராண்ட் பிரீ ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில், மெர்சிடிஸ் அணியின் இரு ஓட்டுநர்களான ஹாமில்டனும் ரோஸ்பெர்க்கும் முதல் சுற்றிலேயே மோதி வெளியேறியதைப் பற்றி எனக்கும் என் நண்பருக்கும் நெடுநாளாக ஒரு வழக்கு நடக்கிறது. பின்னால் வந்தவர் ஹாமில்டன், ஆகவே தவறு அவருடையது என்கிறார் நண்பர். எஞ்சினைத் தவறான நிலையில் வைத்து வேகமிழந்த ரோஸ்பெர்க், வழியை அடைத்ததே காரணம் என்கிறேன் நான். எவர் மீதும் தவறில்லை என்று நடுவர்கள் முடித்தது வெறும் நழுவல். சென்ற மாதம் பேச்சு முற்றிவிட்டது. இப்போது பேசிக்கொள்வதே இல்லை. 2025 கனடா பந்தயத்தில் தன் மெக்லாரன் அணித்தோழர் பியாஸ்ட்ரியின் காரை இடித்த நாரிஸ், அடுத்த நொடியே தவறு தன்னுடையது என்று சொன்னதும் எனக்குப் பலவீனமாகப் படுகிறது. 1989இல் ஜப்பானின் சுசூகாவில் மோதிக்கொண்ட மெக்லாரன் அணித்தோழர்களில் குற்றவாளி புரோஸ்டா, சென்னாவா என்பதையும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

சுசூகாவை விட்டுவிடுவோம். அந்த விவாதத்தில் மனம் மாறிய ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

உங்கள் நண்பர் சொல்வது சாலை விதி. பந்தயத் தடத்தில் பின்னால் வருபவரின் வேலையே முந்துவது. அவருடைய காரின் எந்தப் பகுதி எந்த நொடியில் முன்னவரின் பக்கவாட்டை எட்டியது என்பதைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள். ஸ்பெயின் பந்தயம் நடந்த பார்சிலோனாவில் அவர்கள் அதைப் பார்த்தார்கள். ரோஸ்பெர்க் புறப்படும் முன்பே தவறான நிலையைத் தேர்ந்திருந்ததால் மூன்றாம் வளைவின் முடிவில் அவருடைய காருக்குச் சுமார் 180 குதிரைத்திறன் குறைந்திருந்தது. இருவருக்கும் இடையே மணிக்கு 17 கிலோமீட்டர் வரை வேக வேறுபாடு இருந்தது. ஹாமில்டன் வலப்பக்கம் நுழைந்தார், ரோஸ்பெர்க் வலப்பக்கம் அடைத்தார். ஹாமில்டனின் முன் இறக்கையின் ஒரு பகுதி ஒரு கணம் உள்ளே வந்திருந்ததால் தனக்கு இடமுண்டு என்று அவர் நம்பியிருக்கலாம். இவ்வளவையும் எழுதிவிட்டு, முழுமையாகவோ பெரும்பான்மையாகவோ எவர் மீதும் தவறில்லை என்று முடித்தார்கள். இதை நழுவல் என்று நீங்கள் சொல்வது எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஒரு குற்றவாளியின் பெயர் கிடைக்காத தீர்ப்பெல்லாம் கோழைத்தனமானது என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஆனாலும் உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் வேறொரு மோதலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2010 இஸ்தான்புல், நாற்பதாம் சுற்று. ரெட் புல் அணியின் வெப்பர் முதலிடத்தில், வெட்டல் இரண்டாமிடத்தில், அவர்களுக்குப் பின்னால் மெக்லாரன் அணியின் இரண்டு கார்கள். வெப்பர் எரிபொருளைச் சேமிக்க எஞ்சினைத் தணித்துவிட்டார்; வெட்டலிடம் இன்னும் மிச்சமிருந்தது, முதுகுக்குப் பின்னால், அப்போது மெக்லாரனில் ஓட்டிய ஹாமில்டனும் இருந்தார். வெட்டல் இடப்பக்கம் ஏறி இணையாக வந்து, பிறகு வலப்பக்கம் சாய்கிறார், சக்கரங்கள் உரசுகின்றன. வெட்டல் காரை விட்டு இறங்கி நடக்கும்போது நெற்றிப்பொட்டின் அருகே விரலைச் சுழற்றி, அவனுக்குப் பைத்தியமா என்று சைகை காட்டுகிறார். எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்த விரல்தான். முதலிரண்டு இடங்களும் மெக்லாரனுக்குப் போயின, வெப்பர் மூன்றாவதாக வந்தார், அணியின் ஆலோசகர் மார்கோ வெளிப்படையாகவே வெப்பரைக் குறைகூறினார்.

அந்த விரலை விட்டுவிட்டு பிட் சுவரை, தடத்தின் ஓரத்தில் அணியை நடத்துபவர்கள் அமரும் இடத்தை, பாருங்கள். இரண்டு கார்களின் எரிபொருள் கணக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தவர்கள் அங்கேதான் அமர்ந்திருந்தார்கள். ஒருவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறான், மற்றவன் குறைக்கவில்லை, இருவரும் ஒரே நிறக் காரில் ஒரே கோட்டை நோக்கிப் போகிறார்கள் என்பது தெரிந்தும், யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இருவர் காதிலும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. போட்டியிடுங்கள், ஆனால் மோதிக்கொள்ளாதீர்கள் என்பது எல்லா அணிகளும் பெருமையோடு சொல்லும் வாசகம். அது கட்டளையே அல்ல. முடிவெடுக்கும் சுமையை 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனின் தலையில் இறக்கிவைக்கும் தந்திரம். மோதாவிட்டால் அணியின் பெருந்தன்மை, மோதினால் ஓட்டுநரின் அவசரபுத்தி.

இதில் நான் நடுநிலையானவன் அல்லன். இளம் வயதில் நான் வேலை செய்த ஒரு பத்திரிகையில் ஆசிரியர் ஒரே நேர்காணலை எனக்கும் என் நெருங்கிய நண்பருக்கும் தனித்தனியே ஒப்படைத்தார். நன்றாக எழுதுபவருடையது வரும், ஆனால் உங்களுக்குள் மனக்கசப்பு வரக்கூடாது என்று இருவரிடமும் சொல்லியிருந்தார். நான் அந்த வீட்டுக்குப் போனபோது வாசலில் நண்பரின் தோல்பை இருந்தது, அதன் கிழிந்த வாரில் அவர் போட்ட முடிச்சோடு. வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பேட்டி யாருக்கும் கிடைக்கவில்லை. யார் முந்திக்கொண்டு வந்தது என்று விசாரித்து ஆசிரியர் எனக்குத்தான் குறிப்பாணை கொடுத்தார். நண்பரோடு நான் பதினொரு ஆண்டுகள் பேசவில்லை. ஆசிரியரோடு ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

2018இல் அஜர்பைஜானின் பாகுவில் அதே ரெட் புல் அணியின் ரிக்கார்டோவும் வெர்ஸ்டாப்பனும் பந்தயத்தின் பெரும்பகுதி உரசிக்கொண்டே ஓட்டினார்கள், ஒருமுறை சக்கரங்களும் தொட்டன, அணி அப்போதும் தலையிடவில்லை. இங்கும் நாற்பதாம் சுற்று. ரிக்கார்டோ பின்னாலிருந்து இடிக்க, இருவரும் வெளியேறினார்கள். நடுவர்கள் இருவரையும் கண்டித்தார்கள், இருவரும் தொழிற்சாலை ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். உங்கள் மெர்சிடிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவுக்குப் பிறகும் சுதந்திரமாகப் போட்டியிடலாம் என்பதே அணியின் கொள்கை. சரியாக ஏழு வாரங்களில் ஆஸ்திரியாவில், கடைசிச் சுற்றின் இரண்டாம் வளைவில், அதே இருவர் மறுபடி மோதினார்கள். இம்முறை வெளிப்பக்கம் வந்த ஹாமில்டனுக்கு இடம் விடாமல் நேராகப் போன ரோஸ்பெர்க்குக்குப் பத்து வினாடி தண்டனை கிடைத்தது. அணி விதிகளை இறுக்கியது அதற்குப் பிறகுதான்.

ஓட்டுநர்கள் அப்பாவிகள் என்று நான் சொல்லவில்லை. வெட்டல் திரும்பியது தவறு, ஆஸ்திரியாவில் ரோஸ்பெர்க் திரும்பாதது தவறு. ஆனால் தடத்தில் யார் விதியை மீறினார் என்பது ஒரு கேள்வி, அவ்விருவரையும் அந்த நிலைக்கு யார் கொண்டுவந்தார் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு நடுவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டியவர்களே மைக்கின் முன் அமர்ந்து விசாரணை நடத்துகிறார்கள்.

நாரிஸைப் பலவீனமானவர் என்று எழுதியதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டும். பந்தயம் முடிய நான்கைந்து சுற்றுகளே இருக்கையில், நான்காமிடத்துக்காக, சுவருக்கும் பியாஸ்ட்ரியின் காருக்கும் நடுவே இல்லாத ஓர் இடத்துக்குள் நுழையப் பார்த்தார், இடித்தார், கார் நின்றுபோவதற்குள் ரேடியோவில் முழுத் தவறும் தன்னுடையது என்றார். யார் குற்றவாளி என்று அறிவிக்கும் வேலையை அவர் தன் அணித்தலைவர்களுக்கு மிச்சம் வைக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் எனக்கு வாய்க்க எவ்வளவு காலமாயிற்று என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

நண்பரை இன்றே அழையுங்கள். வழக்கில் அவர் வென்றதாகவே இருக்கட்டும். ரோஸ்பெர்க் திருப்ப மறந்த அந்த சுவிட்சைப் பற்றி மட்டும் தயவுசெய்து இன்னொரு கடிதம் எழுதாதீர்கள்.